லிட்டருக்குக் கொடுக்கும் பணத்தை நிறுத்துங்கள்: கழிவுநீர் வாரியங்களுக்கு ஒரு திறந்த மடல்

கழிவுநீர்ச் சேகரிப்புக் குழாய்களைப் பராமரிக்கும் வாரியங்கள், நகராட்சிகள், அவற்றின் பொறியாளர்கள், ஒப்பந்தப்புள்ளி ஆவணம் எழுதும் அலுவலர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

துர்நாற்றக் கட்டுப்பாட்டுக்காக நீங்கள் வெளியிடும் ஒப்பந்தப்புள்ளிகளைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். குழாய்த் தடங்களில் வேலை செய்பவன் என்பதால், அவற்றில் சிலவற்றின் விளைவுகளை மேன்ஹோல் மூடியைத் திறந்தும் பார்த்திருக்கிறேன். பெரும்பாலான ஆவணங்களில் ஏறக்குறைய ஒரே வரிதான் வருகிறது: துர்நாற்றம் நீக்கும் திரவம் வழங்குதல், ஆண்டுக்கு இத்தனை லிட்டர், லிட்டருக்கு விலை குறிப்பிடுக. குறைந்த விலை சொன்னவருக்கு வேலை.

அந்த வரியை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். ஊற்றிய லிட்டருக்குப் பணம் கொடுக்காதீர்கள். குறித்த இடத்தில், நாற்றத்துக்குக் காரணமான சல்ஃபைடு குறித்த அளவுக்குள் அடங்கியிருந்தால் பணம் கொடுங்கள். அந்த அளவை மருந்து விற்பவர் அளக்கக் கூடாது, வேறொருவர் அளக்கட்டும்.

ஏன் இப்படிக் கேட்கிறேன் என்பது குழாய்க்குள் நடப்பதைப் பார்த்தால்தான் விளங்கும். நாற்றம் வெளியே வரும் இடமும் அது உருவாகும் இடமும் ஒன்றல்ல. மக்கள் புகார் சொல்வது தெருமுனை மேன்ஹோலைப் பற்றி. சல்ஃபைடு உருவானதோ பெரும்பாலும் அதற்கு வெகுதூரம் முன்பே, உந்து நிலையத்திலிருந்து கிளம்பும் அழுத்தக் குழாய்க்குள். அந்தக் குழாயில் நீர் விளிம்புவரை நிரம்பி நிற்கிறது, காற்றுக்கு இடமே இல்லை. நீரில் கரைந்திருந்த கொஞ்சம் ஆக்சிஜனும் சீக்கிரமே தீர்ந்துவிடும். அதன்பின் குழாய்ச் சுவரில் படிந்த வழவழப்பான படலத்தில் வாழும் பாக்டீரியாக்கள் கழிவுநீரிலுள்ள சல்ஃபேட்டைச் சல்ஃபைடாக மாற்றத் தொடங்கும். நீர் எவ்வளவு நேரம் குழாயில் தங்குகிறதோ அவ்வளவு சல்ஃபைடு சேரும். வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் இந்த வேகம் சுமார் 7 சதவீதம் கூடும் என்று வைத்துக் கணக்குப் போடுவது வழக்கம். 10 டிகிரி கூடினால் ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும்.

இரவில் நீர்வரத்து குறையும். பம்பு எப்போதாவது ஓடும். குழாயிலிருக்கும் நீர் மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கும். விடியற்காலையில் வீடுகளில் குழாய்கள் திறக்கப்பட்டு பம்பு தொடர்ந்து ஓடத் தொடங்கியதும், இரவெல்லாம் ஊறிய நீர் மொத்தமாக வெளியேறும். ஒரு நாளின் மிக மோசமான நாற்றம் அப்போதுதான். ஒரே அளவு மருந்தை 24 மணி நேரமும் சொட்டவிடும் ஏற்பாட்டில், இந்த நேரத்துக்குப் போதாமல் போகும். பகலில் தேவைக்கு மேல் போகும். லிட்டர் கணக்கில் இந்த இரண்டு குறையும் தெரியாது. மாதக் கடைசியில் பில்லில் ஒரு மொத்த எண் மட்டும் இருக்கும்.

கரைந்திருக்கும் சல்ஃபைடு முழுவதும் வாயுவாகிவிடுவதில்லை என்பதையும் கவனியுங்கள். எவ்வளவு வாயுவாகலாம் என்பதை நீரின் பிஎச், அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் அளவு, தீர்மானிக்கிறது. பிஎச் 7 என்றால் ஏறத்தாழப் பாதி ஹைட்ரஜன் சல்ஃபைடு வடிவில், அதாவது வெளியேறத் தயாராக இருக்கும். பிஎச் 8 ஆனால் அது பத்தில் ஒரு பங்காகக் குறையும். 6 ஆனால் பத்தில் ஒன்பது பங்காக ஏறும். மேல்பக்கத்தில் ஒரு தொழிற்சாலை அமிலக் கழிவை ஒரு முறை திறந்துவிட்டால், சல்ஃபைடு கொஞ்சமும் கூடாமலேயே நாற்றம் பல மடங்காகும். நீர் எங்கே கொந்தளிக்கிறதோ அங்கே வாயு கிளம்பும்: அழுத்தக் குழாய் வந்து கொட்டும் மேன்ஹோல், உயரத்திலிருந்து விழும் இணைப்பு, செங்குத்தான சரிவு. ஆறு, ரயில்பாதை போன்றவற்றின் அடியில் தாழ்ந்து எழும் குழாய்களில் இன்னொரு தொல்லை உண்டு. நீரோடு இழுபட்டு வந்த காற்று அதற்குமேல் போக வழியில்லாமல் அந்த இடத்திலேயே வெளியே தள்ளப்படும். இதை அறியாமல் அந்த மூடியை மட்டும் இறுக்கமாக அடைத்தால், நாற்றம் அடுத்த திறப்புக்கு இடம் மாறும், அங்கே குடியிருப்பவர்கள் புதிதாகப் புகார் எழுதுவார்கள்.

இதை வெறும் மூக்குச் சுளிப்பாக எண்ணி வருவாய்ச் செலவின் ஓரத்தில் ஒரு சிறு தலைப்பாக வைப்பது பெரிய பிழை. மெல்பர்னில் ஆய்வு செய்த சி. டி. பார்க்கர் 1945-இல் வெளியிட்ட முடிவு இன்றும் ஒவ்வொரு குழாயிலும் நடந்துகொண்டிருக்கிறது: நீர்மட்டத்துக்கு மேலே, குழாயின் ஈரமான கூரையில் வேறொரு வகைப் பாக்டீரியா இந்த வாயுவை உண்டு கந்தக அமிலமாக மாற்றுகிறது. புதுக் கான்கிரீட்டின் பிஎச் 12-க்கு மேல். அமிலம் சுரக்கும் கூரையில் அது 2-க்கும் கீழே இறங்கிவிடும். கான்கிரீட் ஜிப்சமாகி, விரலால் தோண்டினாலே உதிரும் மாவாகிவிடுகிறது. கடுமையான இடங்களில் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் கரைந்துபோகும். இரும்புக் கம்பி வெளியே தெரியும்வரை மேலே போகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பிறகு சாலை உள்வாங்கும்.

குழாயில் வேலை செய்பவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. ஒரு பிபிஎம்மில் (பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ஆயிரத்தில் சில பங்கு இருந்தாலே ஹைட்ரஜன் சல்ஃபைடை மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். ஆனால் 100 பிபிஎம் அளவில் சில நிமிடங்களிலேயே மோப்ப உணர்வு செயலிழக்கும். நாற்றம் போய்விட்டது என்று உள்ளே இருப்பவர் எண்ணும் நேரமே அவர் ஆபத்தில் இருக்கும் நேரம். 500 பிபிஎம்மைத் தாண்டினால் சில நிமிடங்களில் நினைவிழந்து விழுவார். 1,000-ஐ நெருங்கினால் ஓரிரு மூச்சே போதும். ஆகவே இந்த ஒப்பந்தத்தை எழுதுகிறவர் புகார் எண்ணிக்கையோடு, குழாயின் ஆயுளையும் தொழிலாளியின் உயிரையும் சேர்த்தே எழுதுகிறார்.

நாற்றத்தின் மேல் மருந்து ஊற்றும் பழக்கம் பழையது. 1858-ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் ஆறு நாறியபோது, லண்டன் நாடாளுமன்றத்தின் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். சாக்கடைகள் ஆற்றில் கலக்கும் இடங்களில் சுண்ணாம்பைக் கொட்டினார்கள். நிலைமையை மாற்றியது அந்தச் சுண்ணாம்பல்ல. கழிவுநீரை ஆற்றில் விழாமல் இடைமறித்து, நகருக்குக் கீழே கொண்டுபோன பொறியாளர் ஜோசப் பசல்ஜெட்டின் குழாய்கள்தான். அந்தக் குழாய்களுக்கு நாடாளுமன்றம் பணம் ஒதுக்கும் சட்டமும் அதே கோடையில்தான் நிறைவேறியது. நாற்றம் பிறக்கும் காரணத்தைத் தொடாமல் செலவழித்த பணம் அடுத்த கோடையில் திரும்பவும் கேட்கும். வாசனைத் திரவம் தெளிக்கும் ஒப்பந்தங்களை நான் முழுவதுமாக எதிர்ப்பது இதனால்தான். அவை ஒரு மில்லிகிராம் சல்ஃபைடையும் குறைப்பதில்லை. கான்கிரீட் அதே வேகத்தில் அரிக்கிறது. இருக்கும் நாற்றத்தோடு பூவின் மணமும் சேர்ந்து இன்னும் குமட்டுகிறது. எந்தச் சூழலிலும் அதற்கு ஒரு தலைப்பு ஒதுக்காதீர்கள்.

இனி லிட்டர் விஷயம். சல்ஃபைடைத் தடுக்க ஊற்றும் மருந்துகளில் ஒன்று நைட்ரேட் கரைசல். ஒரு நிறுவனத்தின் நைட்ரேட் கரைசலும் மற்றொன்றின் கரைசலும் லிட்டருக்கு ஒரே அளவு நைட்ரேட் கொண்டவையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. நீர்த்த கரைசலைக் குறைந்த விலைக்குக் கொடுப்பவர் வெல்வார். பிறகு அதே வேலைக்கு ஒன்றரை மடங்கு ஊற்றுவார். இதைத் தடுக்க, லிட்டருக்குப் பதிலாக ஒரு கிலோ செயலுள்ள பொருளுக்கு விலை கேட்கும் வாரியங்கள் உண்டு. அது ஒரு படி மேல். ஆனால் அடிப்படைக் கோளாறு அப்படியே இருக்கிறது: அதிகம் ஊற்றினால் அதிக வருமானம். நல்ல எண்ணம் கொண்ட ஒப்பந்ததாரரைக்கூட இந்த ஏற்பாடு தவறான பக்கம் இழுக்கும். டோசிங் நேரத்தை, அதாவது மருந்து செலுத்தும் நேரத்தைச் சீராக்கி, மருந்தில் மூன்றில் ஒரு பங்கை மிச்சப்படுத்தத் தெரிந்த பொறியாளர் அவரிடம் இருந்தால், அந்தப் பொறியாளர் தன் முதலாளியின் வருமானத்தைக் குறைக்கிறார். அவருடைய திறமையை நீங்கள் விலை கொடுத்து வாங்க வேண்டும். இப்போதைய ஆவணம் அந்தத் திறமைக்கு அபராதம் போடுகிறது.

எனக்குச் சரியென்று படும் வடிவம் இது. மாதத்துக்கு ஒரு நிலையான கட்டணம். அதற்குள் டேங்க், பம்பு, தொலைக்கண்காணிப்பு, நிரப்புதல், பழுதுபார்த்தல், மருந்து எல்லாம் அடங்கும். நீர்வரத்து எந்த எல்லைக்குள் இருந்தால் இந்தக் கட்டணம் பொருந்தும், தாண்டினால் எப்படி மாறும் என்பதை முன்கூட்டியே எழுதிவிடுங்கள். இலக்கை எட்டிய மாதத்துக்கு முழுத் தொகை. எட்டாத நாட்களுக்குப் பிடித்தம். பிடித்தம் ஒப்பந்ததாரரை மூழ்கடிக்கும் அளவுக்கு வேண்டாம், ஆனால் கண்டுகொள்ளாமல் விடுவதைவிடச் சரிசெய்வது அவருக்கு மலிவாக இருக்கும்படி அமைய வேண்டும். நீக்கிய சல்ஃபைடின் ஒவ்வொரு கிலோவுக்கும் பணம் என்று இன்னொரு முறையும் சொல்கிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் மருந்தே போடாவிட்டால் எவ்வளவு சல்ஃபைடு இருந்திருக்கும் என்பதைக் கணக்கில்தான் ஊகிக்க வேண்டும். அந்த ஊகத்தின் மேல் ஒவ்வொரு மாதமும் சண்டை வரும். வேண்டாம்.

விலை ஏற்றத்தைப் பற்றி நியாயமாக இருங்கள். கால்சியம் நைட்ரேட் உரச் சந்தையோடு சேர்ந்து ஏறி இறங்கும். இன்னொரு மருந்தான இரும்புக் குளோரைடு பெரும்பாலும் எஃகுத் தொழிலின் அமிலக் கழுவலிலிருந்து கிடைக்கும் துணைப்பொருள். அந்தத் தொழில் படுத்தால் வரத்து குறையும். மூன்றாண்டுக்கு விலையைக் கல்லில் செதுக்கச் சொன்னால் ஒப்பந்ததாரர் அந்த அச்சத்தையும் விலையில் ஏற்றித்தான் கேட்பார், அல்லது நடுவில் கைவிடுவார். மூலப்பொருளின் பங்கை மட்டும் பொதுவில் வெளியாகும் ஒரு விலைக் குறியீட்டோடு கட்டிவிடலாம்.

எந்த மருந்து என்பதை ஆவணத்தில் பெயர் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள், வணிகப் பெயரைச் சொல்லவே சொல்லாதீர்கள். அதே நேரம் ஒவ்வொரு மருந்தும் கீழ்ப்பக்கத்தில் என்ன செய்யும் என்பதைத் தெரிந்துகொண்டு, அந்த விளைவுகளுக்கு மதிப்புப் போடுங்கள். நைட்ரேட் கிடைக்கும்வரை படலத்தில் சல்ஃபைடு சேர்வதில்லை. முன்பே சேர்ந்திருந்த சல்ஃபைடும் ஆக்சிஜனேற்றம் அடையும். நைட்ரேட் தீர்ந்த கணத்திலிருந்து பழைய கதை மீண்டும் தொடங்கும், ஏனெனில் சல்ஃபேட் தின்னும் பாக்டீரியாக்கள் சாகவில்லை. நீளமான குழாயின் தொடக்கத்தில் ஊற்றினால் பாதி வழியிலேயே தீர்ந்துபோகும். குழாயின் கடைசிப் பகுதியில், வினை முடியும் அளவுக்கு நேரம் விட்டு ஊற்றினால் குறைந்த மருந்தில் அதே பலன் கிடைக்கும். ஆனால் மின்சாரமும் காவலும் இடமும் உந்து நிலையத்தில்தான் இருக்கின்றன என்பதால் டேங்கை எப்போதும் அங்கேயே வைக்கிறார்கள். வழியில் ஒரு சிறு இடத்தை வாரியமே ஏற்பாடு செய்து கொடுத்தால், அந்தச் செலவு மருந்தில் திரும்பி வரும். ஒப்பந்தப்புள்ளி கேட்கும்போதே இந்த வாய்ப்பைத் திறந்து வையுங்கள்.

இரும்பு உப்புகள் சல்ஃபைடைக் கரையாத கருப்பு இரும்புச் சல்ஃபைடாகப் பிடித்து வைக்கும். பிஎச் 7-க்குக் கீழே இறங்கினால் இந்தப் பிடி தளரும். நல்ல பக்கமும் உண்டு: அந்த இரும்பு சுத்திகரிப்பு நிலையத்தின் காற்றூட்டத் தொட்டியில் விடுபட்டுப் பாஸ்பேட்டைப் பிடிக்கும், கசடைச் செரிக்கவைக்கும் தொட்டியில் உருவாகும் உயிரி எரிவாயுவின் நாற்றத்தையும் குறைக்கும். சுத்திகரிப்பு நிலையம் இதற்காகத் தனியாக இரும்பு வாங்கிக்கொண்டிருந்தால், ஒரே இரும்பு இரண்டு வேலை செய்யும். குழாய்ப் பிரிவும் சுத்திகரிப்புப் பிரிவும் தனித்தனியாக ஒப்பந்தம் போடுவதால் இந்தச் சேமிப்பு யார் கண்ணிலும் படுவதில்லை. துணைப்பொருளாக வரும் இரும்பில் மற்ற கன உலோகங்கள் எவ்வளவு இருக்கின்றன என்ற சான்றிதழை ஒவ்வொரு லோடுக்கும் கேளுங்கள்; அது உங்கள் கசடில் போய்ச் சேரும்.

மக்னீசியம் ஹைட்ராக்சைடு பிஎச்சை 8.5, 9 என்ற அளவுக்கு உயர்த்தி வாயு வெளியேறாமல் அடக்கிவைக்கிறது. கையாளப் பாதுகாப்பானது. சல்ஃபைடை அது அழிப்பதில்லை. வேறொரு குழாயின் நீர் கலந்து பிஎச் இறங்கினால் அடங்கியிருந்தது அங்கே கிளம்பும். கூழாக வருவதால் டேங்கில் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும், குழாய் அடைத்துக்கொள்ளும். ஹைட்ரஜன் பெராக்சைடு வேகமாக வேலை செய்யும், கூடவே தீவிரமான பாதுகாப்பு ஏற்பாடு கேட்கும். குளோரின் மற்ற கரிமப் பொருட்களோடும் சண்டையிட்டு வீணாகும். சல்ஃபைடை முழுவதும் சல்ஃபேட்டாக்க, ஏட்டுக் கணக்கிலேயே ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 9 கிலோ குளோரின் வேண்டும். காஸ்டிக் சோடாவை அவ்வப்போது மொத்தமாக ஊற்றி பிஎச்சை 12-க்கு மேல் ஏற்றிப் படலத்தை உரிப்பதும் ஒரு வழி. படலம் மறுபடி வளரும் வேகத்துக்கு ஏற்பத் திரும்பச் செய்ய வேண்டும், அந்த நீர் சுத்திகரிப்பு நிலையத்தை மொத்தமாகப் போய்த் தாக்காமலும் பார்க்க வேண்டும்.

காற்றை இழுத்துச் சுத்தம் செய்யும் கருவிகளும் இதே ஒப்பந்தத்தில் வரலாம். நாற்றத்தை உறிஞ்சும் கார்பன் படுகை நிறைவுற்றால் ஒரே நாளில் நாற்றத்தைக் கடத்திவிடத் தொடங்கும், ஆகவே எப்போது மாற்றுவது, யார் செலவில் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். நுண்ணுயிர்களைக் கொண்டு காற்றைச் சுத்தம் செய்யும் உயிர்வடிகட்டிகளுக்குப் பழகிக்கொள்ள நாட்கள் பிடிக்கும், ஈரமும் ஊட்டமும் தவறாமல் வேண்டும்.

அளவீட்டைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் ஒப்பந்தத்தின் உயிர் அங்கேதான். முதலில், எங்கே அளப்பது? பல ஆவணங்களில் அந்த இடத்தை ஒப்பந்ததாரரே சொல்லும்படி விட்டிருக்கிறார்கள். டோசிங் டேங்குக்குப் பக்கத்து மேன்ஹோலில் அளந்தால் எந்த மருந்தும் வெற்றிபெறும். மக்கள் வசிக்கும் இடத்தையும், கான்கிரீட் அதிகம் அரித்திருக்கும் இடத்தையும், அழுத்தக் குழாய் கொட்டும் இடத்தையும் நீங்களே தேர்ந்தெடுத்து, வரைபடத்தில் எண்ணிட்டு இணையுங்கள்.

அடுத்தது எதை அளப்பது என்பது. வாயுவைப் பதிவு செய்யும் லாகர்களை மேன்ஹோலில் தொங்கவிடுவது எளிது. ஆனால் அது மட்டும் போதாது. ஒரு மழைநாளில் காற்றோட்டம் மாறினால் வாயு எண் இறங்கும், நீரில் சல்ஃபைடு அப்படியே இருக்கும். நீரையும் எடுத்துக் கரைந்த சல்ஃபைடைச் சோதிக்க வேண்டும். மாதிரியைத் தெளிக்காமல் எடுத்து, அங்கேயே துத்தநாக அசிடேட் சேர்த்து நிலைப்படுத்த வேண்டும். பாட்டிலை வண்டியில் போட்டு மாலையில் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனால் வரும் எண்ணுக்குப் பொருளில்லை. பிஎச், வெப்பநிலை இரண்டையும் அதே நேரத்தில் குறியுங்கள்.

எந்த எண்ணுக்குப் பணம் என்பதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். நாள் சராசரி 4 பிபிஎம் என்று அறிக்கையில் இருக்கும்; விடியற்காலையில் ஒரு மணி நேரம் 80-ஐத் தொட்டிருக்கும். மக்களை எழுப்புவது அந்த ஒரு மணி நேரம். ஆகவே சராசரியோடு, 95 சதவீத நேரம் தாண்டக் கூடாத ஓர் அளவையும், ஒருபோதும் தாண்டக் கூடாத உச்சத்தையும் சேர்த்து வையுங்கள். நீரில் கரைந்த சல்ஃபைடு லிட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்குக் கீழ் என்பது பல இடங்களில் வைக்கும் இலக்கு. உங்கள் குழாய்க்கு எது பொருந்தும் என்பதை முன் அளவீடுதான் சொல்லும். வரைபடத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். உச்சி கூர்மையாக இல்லாமல் மேசைபோல் தட்டையாக இருந்தால், லாகரின் எல்லை முடிந்துவிட்டது என்று பொருள். 200 பிபிஎம் வரை மட்டும் காட்டும் கருவி 600-ஐயும் 200 என்றே எழுதும். ஈரத்தில் நாள்பட்ட சென்சார் மெல்ல மெல்ல உணர்விழக்கும், ஆகவே அளவுத்திருத்தச் சான்று ஒவ்வொரு முறையும் கூடவே வர வேண்டும்.

ஹைட்ரஜன் சல்ஃபைடு முழுவதும் அடங்கிய பிறகும் சில இடங்களில் நாற்றம் இருக்கும். மெர்காப்டன்கள், டைமெத்தில் சல்ஃபைடு, இன்டோல், ஸ்கேட்டோல் எல்லாம் மிகச் சிறிய அளவிலேயே மூக்குக்குத் தெரிபவை. அங்கே மனித மூக்கை வைத்துத்தான் அளக்க முடியும். பயிற்சி பெற்ற குழுவிடம் காற்றைத் தூய காற்றோடு படிப்படியாகக் கலந்து கொடுத்து அளக்கும் முறைக்கு இஎன் 13725 என்ற ஐரோப்பியத் தரநிலை இருக்கிறது. செலவு அதிகம், எல்லா இடத்துக்கும் வேண்டாம். லாகர் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லியும் மக்கள் விடாமல் புகார் சொல்லும் இடத்தில் அவர்களை நம்பி இதைச் செய்யுங்கள்.

லாகரைத் தொங்கவிடுவதும் எடுப்பதும் ஒப்பந்ததாரரின் ஆட்களாக இருந்தால், எவ்வளவு நேர்மையானவர்களானாலும் அந்த எண்ணை வைத்துப் பணம் கொடுப்பது சரியல்ல. உங்கள் ஊழியர் செய்யலாம், அல்லது தனியாக ஒரு சிறு ஒப்பந்தத்தில் ஆய்வகம் ஒன்றை அமர்த்தலாம். தரவு முழுவதும் நிமிட வாரியாக, கோப்பாக, வாரியத்துக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். ஒப்பந்ததாரரின் இணையப் பக்கத்தில் மட்டும் தெரியும் வரைபடம் அவர் கணக்கை மூடும் நாளில் காணாமல்போகும். எந்த அளவீட்டுக்காகவும் யாரும் குழிக்குள் இறங்கக் கூடாது. மேலிருந்தே கொக்கியில் மாட்டி எடுக்கும்படிதான் எல்லா ஏற்பாடும் இருக்க வேண்டும். இதை ஆவணத்தில் ஒரு நிபந்தனையாக, மீறினால் ஒப்பந்தம் ரத்தாகும் நிபந்தனையாக எழுதுங்கள்.

மருந்தே இல்லாத நிலையை ஒருமுறை பதிவு செய்யாமல் எந்த ஒப்பந்தமும் தொடங்கக் கூடாது. வெயில் உச்சத்தில் இருக்கும் காலத்தில், குறைந்தது இரண்டு வாரம். குளிர்மாதத்தில் எடுத்த அளவீட்டை வைத்து விலை கேட்டால், கோடையில் இரு தரப்பும் சிக்குவீர்கள். பம்பு ஓடிய நேரம், ஓட்ட அளவு, குழாயின் விட்டம், நீளம், தொழிற்சாலை இணைப்புகள் எல்லாவற்றையும் விலைப்புள்ளி கேட்கும்போதே எல்லோருக்கும் ஒரேபோலக் கொடுங்கள். இப்போது அந்த விவரங்கள் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும் ஒப்பந்ததாரரிடம் மட்டும் இருக்கின்றன. புதிதாக வருபவர் இருட்டில் விலை சொல்கிறார். அதனால்தான் பெரும்பாலும் பழையவரே வெல்கிறார்.

ஒப்பந்ததாரர் பொறுப்பேற்க முடியாதவையும் உண்டு. நீங்கள் பம்பின் இயக்க மட்டத்தை மாற்றினால், புதிய குடியிருப்பை இணைத்தால், மேல்பக்கத்தில் யாரோ சூடான கழிவையோ அமிலத்தையோ திறந்துவிட்டால், இலக்கு தவறுவது அவர் தவறல்ல. அப்படிப்பட்ட நாட்களைப் பிடித்தத்திலிருந்து விலக்குங்கள். ஆனால் அதை அவர் 24 மணி நேரத்துக்குள் பிஎச், வெப்பநிலைப் பதிவோடு உங்களுக்குச் சொல்ல வேண்டும். இதனால் உங்களுக்கு ஒரு நன்மையும் வரும்: திருட்டுத்தனமாகக் கழிவு விடுபவர் யார் என்பது தெரியவரும்.

டேங்க் யாருடையது என்று ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது யாரும் கேட்பதில்லை, முடியும்போது எல்லோரும் கேட்கிறார்கள். டேங்கும் டோசிங் பம்பும் ஒப்பந்ததாரருடையவை என்றால், கடைசி நாளில் அவற்றைக் கழற்றிக்கொண்டு போவார். அடுத்தவர் வந்து நிறுவும்வரை சில வாரங்கள் மருந்தில்லை. என் கருத்தில் கசியும் மருந்தைத் தாங்கும் தொட்டி, கான்கிரீட் மேடை, மின் இணைப்பு, அவசரக் குளியல், கண் கழுவும் குழாய் ஆகியவை வாரியத்துடையவையாக இருக்க வேண்டும். டேங்க் மருந்துக்கு ஏற்ப மாறுவதால் ஒப்பந்ததாரருடையதாக இருக்கலாம். ஆனால் புதியவர் பொறுப்பேற்கும்வரை அதே விலையில் தொடர வேண்டும் என்ற நிபந்தனை வேண்டும். ஓராண்டு ஒப்பந்தம் மிகக் குறுகியது. முதல் கோடை குழாயைப் புரிந்துகொள்ளவே போய்விடும். மூன்றாண்டு, இடையில் வெளியேறும் உரிமையோடு, பொருத்தமானது.

மருந்து ஒப்பந்தத்தோடு நிறுத்திவிடாதீர்கள் என்பதற்கு ஓர் ஆய்வைச் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இல்ஜே பிக்கார், ஜிகுவோ யுவான் முதலியோர் 2014-இல் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தென்கிழக்குக் குயின்ஸ்லாந்தில் கழிவுநீரிலிருந்த சல்ஃபேட்டில் ஏறக்குறைய பாதி, குடிநீரைத் தெளியவைக்கச் சேர்க்கும் படிகாரத்திலிருந்து, அதாவது அலுமினியம் சல்ஃபேட்டிலிருந்து வந்தது என்று கண்டறிந்தார்கள். குடிநீர் நிலையத்தில் சல்ஃபேட் இல்லாத வேறொரு பொருளுக்கு மாறினால், கீழே மொத்தக் குழாய்த் தொகுதியிலும் நாற்றத்துக்கான மூலப்பொருள் குறையும். உங்கள் குடிநீர்ப் பிரிவு எதைப் பயன்படுத்துகிறது என்று ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டுவிடலாம். இரவில் பம்பைக் குறைந்த நேரம், அடிக்கடி ஓடும்படி மாற்றுவதும், கொட்டும் குழாயை நீர்மட்டத்துக்குக் கீழே இறக்கிக் கொந்தளிப்பைக் குறைப்பதும் மருந்துச் செலவைவிட மிகக் குறைவு. இவற்றைப் பரிந்துரைக்கும் ஒப்பந்ததாரருக்குச் சேமிப்பில் ஒரு பங்கு கொடுங்கள். லிட்டர் ஒப்பந்தத்தில் யாரும் இதைச் சொல்லவே மாட்டார்கள்.

உங்கள் நடப்பு ஒப்பந்தம் முடிய இன்னும் சில மாதங்கள் இருக்கும். வரும் கோடையில் மருந்தை இரண்டு வாரம் நிறுத்தி முன் அளவீடு எடுக்க இப்போதே அனுமதி வாங்கிவையுங்கள். சுற்றியிருக்கும் மக்களுக்கு அந்த இரண்டு வாரம் ஏன் நாறும் என்று முன்னதாகவே வீடு வீடாகத் தெரிவியுங்கள். காரணம் தெரிந்தால் பொறுத்துக்கொள்வார்கள். நிறுத்தும் அளவுக்கு நிலைமை இடம் தராத தடங்களில், டோசிங் இடத்துக்கு மேலேயும் கீழேயும் நீர் மாதிரி எடுத்தாவது தொடங்குங்கள். அந்த எண்கள் கையில் வந்த பிறகு புதிய ஆவணத்தை எழுதுங்கள். எழுதிய வரைவை விற்பவர்களுக்குக் காட்டுவதற்கு முன், குழாயைத் தினமும் திறக்கும் உங்கள் சொந்தப் பணியாளர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். எந்த மேன்ஹோலில் லாகர் தொங்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
கழிவுநீர்க் குழாய்த் தடங்களில் பணிபுரியும் ஒரு பொறியாளர்